கோத்தகிரியில் ஊதிப்போன ஒரு லித்தியம் பேக்: மலிவு விலை சார்ஜர் பற்றிய நிகழ்வு ஆய்வு

கோத்தகிரி வட்டாரத்தில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரு சிறு தேயிலை விவசாயக் குடும்பத்தில் நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். யாரும் காயப்படவில்லை, எதுவும் எரியவில்லை. ஆனால் இதே மாதிரி சார்ஜர் இந்த மலையில் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் அளவுகளையும் முடிவுகளையும் சுருக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

கொடநாடு போகும் சாலையில் ஒரு சிற்றூர். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் தேயிலை. கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பது இங்கே பெரிய பாடு. இளவட்டங்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். அதனால் பேட்டரியில் ஓடும் இலை பறிக்கும் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். வெட்டும் பகுதி கையில் இருக்கும், 24 வோல்ட் பேட்டரி முதுகுப்பையில் இருக்கும். இந்த வீட்டில் மெஷினைப் பிடிப்பவர் பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாதான்.

மெஷினோடு வந்த பேட்டரி இரண்டு வருஷத்தில் தளர்ந்துவிட்டது. மின்னழுத்தம் ஏறி இறங்கிய ஒரு மழை நாளில் அதன் சார்ஜரும் போனது. மாற்று பேட்டரிக்குச் சொன்ன விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுப் பையன் கோயம்புத்தூரில் படித்தபோது ரிமோட் விமானம் பறக்கவிட்டவன். அந்தப் பழக்கத்தில் அவன் விமானத்துக்கான 6 செல் லித்தியம் பாலிமர் பேக் (ஆறு செல்லை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடராக இணைத்த பேட்டரி) இரண்டை வாங்கி, மெஷினுக்கு ஏற்ற கனெக்டரைப் பற்றவைத்துக் கொடுத்தான். ஒவ்வொரு பேக்கும் 22.2 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. மெஷின் நன்றாகவே ஓடியது.

சார்ஜரும் அவனிடம் இருந்ததுதான். இரண்டு வரித் திரை, நான்கு பொத்தான், எல்லா வகை பேட்டரிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கையடக்கப் பெட்டி. பிரபலமான ஒரு மாடலைப் பார்த்துச் செய்த மலிவு நகல். மேலே 5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், உள்ளே 50 வாட் என்ற வரம்பு உண்டு. மூன்று செல் பேக்குக்கு இந்த இரண்டும் பெரிதாக முட்டிக்கொள்வதில்லை. ஆறு செல் பேக் நிரம்பும்போது 25 வோல்ட்டை எட்டும்; அந்த 25 வோல்ட்டுக்கு 50 வாட் என்றால் கிடைப்பது 2 ஆம்பியர்தான். பத்து ஆம்பியர்-மணி பேக் நிரம்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

பின்னால் நடந்த பலவற்றுக்கும் இந்தக் கணக்கே வேர். பகலில் மெஷின் வேலையில் இருக்கும். ஆகவே சார்ஜ் ஏற்றுவது ராத்திரிக்குப் போனது. மாலை ஆறு மணிக்கு ஒரு பேக், படுக்கப் போகும் முன் மாற்றிப் போட்டு விடியும்வரை இன்னொரு பேக். பெட்டியில் 120 நிமிடத்தில் தானாக நிற்கும் நேரக் காப்பும், 5 ஆம்பியர்-மணி ஏறியதும் நிற்கும் அளவுக் காப்பும் போட்டிருந்தது. பேக் பாதிகூட நிரம்பாமல் தினமும் நின்றுபோனதால் பையன் இரண்டையும் அணைத்துவிட்டான். வேலை நடக்க வேண்டுமே என்று செய்தது அது. பெட்டி அந்த வேலைக்குச் சிறியது என்பதே அடிப்படைப் பிரச்சினை.

சார்ஜ் போட்ட இடம் வீட்டை ஒட்டிய தகர ஷெட். விறகு, உர மூட்டை, பச்சை இலை கட்டும் சாக்கு எல்லாம் அங்கேதான்.

அந்தக் காலையில் கண்டது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர். மெஷினை எடுக்க ஷெட்டுக்குப் போன அம்மா, பேக் முதுகுப்பைக்குள் போகவில்லை என்பதைக் கவனித்தார். முந்தைய வாரம்வரை தாராளமாகப் போய் வந்த பை அது. பேக்கின் ஒரு பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி புடைத்திருந்தது. ஷெட்டுக்குள் நகப்பூச்சு நீக்கியைப் போல லேசான இனிப்பு வாசனை. சார்ஜர் திரை வேலை முடிந்ததாகக் காட்டியது. ஒவ்வொரு செல்லும் 4.20 வோல்ட்.

அந்த அம்மா அதை அமுக்கிப் பார்க்கவில்லை, பையில் திணிக்கவும் இல்லை. வயரைக் கழற்றிவிட்டு, மண்வெட்டியில் ஏந்தி முற்றத்தில் வைத்துவிட்டுப் பையனை எழுப்பினார். இந்த முழு நிகழ்விலும் மிகச் சரியாக எடுத்த முடிவு அதுதான் என்பேன். புடைத்த செல்லின் உறை மெல்லிய அலுமினியத் தாள். ஒரு கூர்முனை பட்டால் போதும், உள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட்டு நொடியில் பற்றிக்கொள்ளும்.

பையன் எனக்குப் போன் செய்தான். "அண்ணா, சார்ஜர்ல எல்லா செல்லும் 4.20தான் காட்டுது. பேக்குலதான் கோளாறு போல. கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாமா?" என்றான். இரண்டாவது பேக்கைத் தொடவேண்டாம், சார்ஜரையும் அப்படியே வை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் செய்தது: புடைத்த பேக்கை அடக்குவது

காரணம் தேடுவதற்கு முன் அந்த முழு சார்ஜையும் இறக்க வேண்டியிருந்தது. நிரம்பிய நிலையில் அதற்குள் இருப்பது சுமார் 220 வாட்-மணி ஆற்றல். வீட்டிலிருந்து தள்ளி, மழை படாத ஓரிடத்தில் மணல் போட்ட சிமென்ட் தொட்டியில் பேக்கை வைத்தோம். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். நீளமான வயர் இழுத்து லாரிக்குப் போடும் 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைப் பிரதான முனையில் மாட்டினோம். அது இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. பேக் சூடாகாமல் பகல் முழுவதும் மெதுவாக இறங்கியது.

உப்புத் தண்ணீரில் போட்டுவிடலாமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. உப்புநீர் முனைகளை அரித்துவிடும். முனை அரித்துப்போனால் சார்ஜ் உள்ளேயே தங்கிவிடும், வெளியிலிருந்து அளந்து பார்க்கவும் வழியிருக்காது.

பல்பு மாட்டுவதற்கு முன் பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்கவும் சமப்படுத்தவும் பேக்கிலிருந்து வரும் சிறு கனெக்டர்) ஒவ்வொரு செல்லையும் அளந்து குறித்துக்கொண்டேன். பிற்பாடு எல்லாவற்றையும் விளக்கியவை இந்த எண்கள்தான்.

அளவீடு சொன்னது

மீட்டரை நம்பும் முன் அதன் உள் பேட்டரியை மாற்றினேன். பேட்டரி தளர்ந்த மல்ட்டிமீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மின்வேலை செய்பவர்களே பல நேரம் மறந்துபோகிற விஷயம் இது. டிவி மெக்கானிக் ஒருவரிடம் இன்னொரு மீட்டரும் வாங்கி ஒப்பிட்டேன். இரண்டும் ஒத்துப்போயின.

சார்ஜர் எல்லாவற்றையும் 4.20 என்று சொன்ன பேக்கில் மீட்டர் காட்டியது இது: முதல் செல் 4.19, இரண்டாவது 4.20, மூன்றாவது 4.20, நான்காவது 4.21, ஐந்தாவது 4.16, ஆறாவது 4.31.

இந்த வகை செல்லின் உச்சவரம்பு 4.20. அதற்கு மேல் சிறிது போனாலும் உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயு உண்டாகும். ஒரு தடவை 4.31 போனதால் செல் வெடித்துவிடாது. இரவுக்கு இரவு அங்கே கொண்டுபோய் விடியும்வரை நிறுத்தினால் புடைக்கும். புடைத்திருந்ததும் அந்த ஆறாவது செல்தான்.

ஆறையும் கூட்டினால் 25.27 வோல்ட். இருக்க வேண்டியது 25.20. மொத்தத்தை மட்டும் அளந்து பார்ப்பவர் திருப்தியோடு போய்விடுவார். மொத்த அளவு சரியாக இருப்பது எந்த உத்தரவாதமும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று: பேக்கில் கோளாறா, சார்ஜரில் கோளாறா? இரண்டாவது பேக்கை அளந்தேன். அதிலும் ஆறாவது செல் 4.29. இரண்டு பேக்கில் ஒரே இடத்தில் ஒரே கோளாறு தற்செயலாக வராது. இருந்தாலும் பேலன்ஸ் கனெக்டரைச் சந்தேகித்தேன். மூடுபனி நாட்களில் இங்கே பித்தளை முனையெல்லாம் சீக்கிரம் கறுத்துவிடும். சுத்தம் செய்து மறுபடி பார்த்தேன், எண்கள் மாறவில்லை. பனிக் காலையிலும் வெயில் ஏறிய மதியத்திலும் பார்த்தேன். அற்ப வித்தியாசம்தான்.

தீர்ப்பு சொன்னது மூன்றாவது பேக். பையன் கூடுதலாக வரவழைத்து, இன்னும் ஒரு முறைகூட சார்ஜ் போடாமல் வைத்திருந்த புதுப் பேக் அது. கடையிலிருந்து வரும்போதே எல்லா செல்லும் 3.85 வோல்ட்டில் இருந்தன, மீட்டரில் ஆறும் ஒன்றுபோல. அதைச் சார்ஜரில் மாட்டி, சார்ஜைத் தொடங்காமல் திரையை மட்டும் பார்த்தோம். முதல் நான்கும் 3.85. ஐந்தாவது 3.89. ஆறாவது 3.75.

பையன் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நல்லா இருந்த பேக்கை இதுதான் கெடுத்திருக்கு" என்றான். ஆமாம். ஆறாவது செல் குறைவாக இருப்பதாக நினைத்து அதற்கு மேலும் மேலும் ஏற்றி, ஐந்தாவது அதிகமாக இருப்பதாக நினைத்து அதிலிருந்து மின்தடை வழியாக இறக்கி, ராத்திரி முழுவதும் பேலன்ஸ் செய்கிறேன் என்று சமமாக இருந்ததைச் சமமில்லாமல் ஆக்கியிருக்கிறது.

ஏன் ஆறாவது செல்?

முதல் செல்லை அளப்பது சுலபம். அடியிலிருந்து 4 வோல்ட் சொச்சம், அவ்வளவுதான். ஆறாவது செல் மற்ற ஐந்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதன் கீழ்முனையே 21 வோல்ட்டில் இருக்கும். சார்ஜரின் சுற்று அந்த 21-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் அளக்க வேண்டும். கழிப்பதைச் செய்வது மின்தடை ஜோடிகள். அவை மிகத் துல்லியமாக ஒத்திருந்தால்தான் மிச்சம் சரியாக வரும்.

நம் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஐந்து செல் வரையிலான கூட்டு உண்மையில் 20.96, சார்ஜர் நினைத்தது 21.00. ஆறு வரை உண்மையில் 25.27, சார்ஜர் நினைத்தது 25.20. முதல் பிழை 0.2 சதவீதம்கூட இல்லை, இரண்டாவது 0.3-க்குள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மின்தடையே 1 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்ற கணக்கில்தான் விற்கப்படுகிறது. அப்படிப் பார்த்தால் இவை சின்னப் பிழைகள். ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே. கழிக்கும்போது இரண்டும் சேர்ந்து 0.11 வோல்ட் ஆகி ஒரே செல்லின் தலையில் விழுந்தது. செல் எண்ணிக்கை கூடக் கூட மலிவு சார்ஜரின் அளவு நம்பத் தகாததாகிப் போவது இப்படித்தான்.

நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு பெட்டியையும் தொழிற்சாலையில் துல்லியமான மின்னழுத்தம் கொடுத்துத் திருத்தி அனுப்புவார். மலிவு நகலில் அந்த வேலை சுருங்கிப்போகும். ஒரே பெயரில் வரும் இரண்டு பெட்டிகளில் ஒன்று சரியாகவும் இன்னொன்று இப்படியும் இருப்பது அதனால்தான். பெட்டியைத் திறந்து பார்த்தபோது மேல் செல்களுக்கான இறக்கும் மின்தடைகள் இருந்த இடத்தில் பலகை பழுப்பேறியிருந்தது. அளக்கும் சின்ன மின்தடைகள் அதற்கு ஒட்டினாற்போல. இரவு முழுக்கச் சூட்டில் வெந்ததில் அவற்றின் மதிப்பு நகர்ந்துவிட்டது என்பதே என் முடிவு. பையன் மூன்று செல் பேக்குகளுக்குப் பயன்படுத்திய காலத்தில் இந்தக் கோளாறு இருந்தாலும் வெளியே தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன், லேப்டாப் பேட்டரிக்குள் சிறு காப்புச் சுற்று இருக்கும், சார்ஜர் தவறினாலும் அது துண்டித்துவிடும். விமானம், ரிமோட் காருக்கான பேக்கில் அது கிடையாது. எடை குறைய வேண்டும், பறக்கும்போது நடுவானில் மின்சாரம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஆக, அந்தப் பேக்குக்கு சார்ஜர் ஒன்றுதான் காவல். அந்தக் காவலே தன் அளவைத் தானே சரிபார்த்துக்கொண்டு திரையில் 4.20 என்று எழுதிக்காட்டுகிறது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பாலிமர் பேக் இனி முதுகில் ஏறாது. இதில் நான் பிடிவாதமாகவே இருந்தேன். மீதமிருக்கும் இரண்டில் ஒன்று புத்தம்புதுசு, நல்ல சார்ஜர் வாங்கிக்கொண்டால் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி, பணம் போட்டிருக்கிறார்கள். விமானத்தில் பற்றிக்கொண்டால் விமானம் போகும். செடி வரிசைக்கு நடுவே, சரிவில், வார்ப்பட்டை இறுக்கி மெஷினைக் கையில் பிடித்திருக்கும் ஒரு மனுஷி முதுகில் பற்றிக்கொண்டால் பையைக் கழற்றக்கூட நேரம் இருக்காது. இதைச் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளே காப்புச் சுற்று வைத்த, மெஷினுக்கென்றே செய்த பேக்கும் அதற்குரிய சார்ஜரும் வாங்குவதென்று தீர்மானித்தோம். வாங்கும்வரை கையால் பறிப்பது.

இரண்டாவது முடிவு சார்ஜரைப் பற்றி. இந்த வகைப் பலகைகள் சிலவற்றில் அளவைத் திருத்தி அமைக்க வழி உண்டு, பையன் அதைச் செய்து பார்க்கலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். சூட்டில் ஒரு முறை நகர்ந்த மின்தடை இன்னொரு முறையும் நகரும், அது எப்போது என்று யாரும் காவல் காக்க முடியாது. மூன்று செல்லுக்கு மட்டும் என்று மேலே எழுதி வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. பல கைகள் புழங்கும் வீட்டில் எழுதி ஒட்டிய சீட்டு பாதுகாப்பு ஆகாது. கடைசியில், மருந்து தெளிப்பானின் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை ஏற்ற அதை ஒதுக்கினோம். அந்த அளவில் அதன் வோல்ட்டேஜ் சரியாக இருப்பதை மீட்டரில் பார்த்துக்கொண்டேன். பிறகு லித்தியம் பேக்குக்கான வயரை வெட்டி எறிந்துவிட்டு, தெளிப்பானுக்கு மட்டும் பொருந்தும் முனையை நிரந்தரமாகப் பற்றவைத்தோம். இனி யார் மறந்தாலும் லித்தியம் பேக் அதில் மாட்டாது.

மூன்றாவது, சார்ஜ் போடும் இடம். ஷெட்டிலிருந்து வெளித் திண்ணைக்கு மாற்றினோம். சிமென்ட் தரை, மேலே ஓடு, ஒரு கை எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்.

பிறகு நடந்தது

புது பேக் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் ஒரு சுற்று இலை முற்றிப்போனதால் வருமானத்தில் அடி விழுந்தது. முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் விலை குறைவு. எங்கள் முடிவுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை இது.

புடைத்த பேக், பல்பு அணைந்த பிறகும் பல நாள் அப்படியே பல்போடு இருந்தது. வோல்ட்டேஜ் ஒன்றுமில்லாமல் போனதும் முனைகளில் டேப் சுற்றி, கோயம்புத்தூரில் அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம். பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் மலையில் அதற்கான வசதி குறைவு. யாராவது கீழே இறங்கும்போது கொடுத்தனுப்புவதுதான் வழியாக இருக்கிறது.

4.29 வரை போயிருந்த இரண்டாவது பேக் புடைக்கவில்லை. ஆனால் முழுதாக ஏற்றி அளந்து இறக்கியபோது திறன் குறைந்திருந்தது, ஆறாவது செல்லின் வோல்ட்டேஜ் மற்றவற்றுக்கு முன்னால் விழுந்தது. அதையும் அதே வழியில் அனுப்பினோம். சார்ஜ் போடாமல் இருந்த அந்த மூன்றாவது பேக்கைப் பையனின் நண்பர் ஒருவர் பறக்கவிட வாங்கிக்கொண்டார்.

செய்தி பரவி, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் தங்கள் சார்ஜரைக் கொண்டுவந்தார்கள். தோற்றத்தில் பெரும்பாலும் இதே பெட்டிதான். பல சரியாகவே அளந்தன. ஒன்று நான்காவது செல்லில் 0.06 வோல்ட் தவறியது. இன்னொன்றில் அளவு சரி, ஆனால் அதோடு கொடுத்த 12 வோல்ட் அடாப்டர் முழுச் சுமையில் 11-க்குக் கீழே இறங்கி, சார்ஜர் அடிக்கடி நின்றது. மலிவு என்றாலே மோசம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, பக்கத்து வீட்டில் நன்றாக ஓடுகிறது என்று வாங்கவும் முடியாது. கையிலிருக்கும் பெட்டியைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

மாற்றிக்கொண்டவை

இப்போது இந்த வட்டாரத்தில் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். புது சார்ஜர் வந்ததும், கடையிலிருந்து வந்த சார்ஜ் போடாத பேக்கை மாட்டி, திரையில் தெரியும் ஒவ்வொரு செல்லையும் மீட்டரோடு ஒப்பிட வேண்டும். 0.02 வோல்ட் வரை பரவாயில்லை. 0.05 என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதல் முழு சார்ஜ் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம் மாதம் ஒரு முறை. மீட்டர் இல்லாதவர்கள் பேலன்ஸ் கனெக்டரில் செருகும் சிறு செல் அளவியாவது வைத்துக்கொள்ளலாம். அதையும் ஒரு தடவை நல்ல மீட்டரோடு ஒப்பிட்ட பிறகே நம்பலாம்.

சார்ஜரை ஆம்பியரைப் பார்த்து வாங்கக் கூடாது, வாட்டைப் பார்க்க வேண்டும். பேக்கின் வாட்-மணியை சார்ஜரின் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். இரண்டு மணிக்கு மேல் வந்தால் அந்தச் சார்ஜர் அந்தப் பேக்குக்குப் போதாது. நேரக் காப்பை அணைக்கத் தோன்றுவது அங்கேதான், தூங்கும்போது சார்ஜ் போடத் தோன்றுவதும் அங்கேதான். காப்பை அணைக்காமல், பேக்கின் அளவுக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டால் போதும்.

உச்ச வோல்ட்டேஜை மாற்ற முடிகிற சார்ஜரில் 4.10 வைக்கச் சொல்கிறேன். சுமார் பத்து சதவீதம் திறன் குறையும், அளவில் சிறு பிழை இருந்தாலும் வரம்பைத் தாண்டாது, பேக்கும் கூடுதல் காலம் உழைக்கும். கவாத்து செய்த பிறகு தோட்டத்தில் மாதக்கணக்கில் மெஷினுக்கு வேலை இருக்காது. அப்போது பேக்கை நிரப்பி வைக்காமல் செல்லுக்கு 3.80 சொச்சத்தில் நிறுத்தி வைக்க வேண்டும்.

குளிர் விஷயத்தில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உறைபனி விழும் காலையில் வெளியில் கிடந்த பேக்கை அப்படியே சார்ஜரில் போட்டால், உறைநிலைக்குக் கீழே உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அது பிறகு கரைந்து பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. தொட்டால் சில்லென்று இருக்கும் பேக்கை வீட்டுக்குள் ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் புது பேக் ஒரு மழைக்காலத்தைக் கடந்துவிட்டது. காப்புச் சுற்று உள்ளே இருக்கும் பேக் என்றாலும் அந்த அம்மா விடுவதாக இல்லை. சார்ஜ் முடிந்ததும் மொத்த வோல்ட்டேஜை அளந்து, ஃபேக்டரியில் இலை போட்ட கணக்கு எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதியோடு குறித்து வருகிறார். மீட்டரின் பேட்டரியை எப்போது மாற்றினார் என்பதும் அதில் இருக்கிறது.